எந்தத் தட்டு எந்த அட்டையில்: மாப்பிள்ளைக்கு ஒரு விளக்கம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் வாயால் சொல்ல, உங்கள் அத்தை கையால் எழுதும் கடிதம். இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் எங்கள் மகளும் அப்படியே இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். உங்கள் முதுகுவலி தணிந்திருக்கும் என்று நம்புகிறோம். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டேன். அது எப்படி இருக்கிறதென்று பத்தொன்பது நாளாக எனக்குத் தெரிகிறது.

பத்தொன்பது நாள், மாப்பிள்ளை. ஒரு போன் இல்லை. நான் செய்தால் மகள் எடுத்து, "அவர் குளிக்கிறார்ப்பா" என்கிறாள். காலையில் செய்தாலும் குளிக்கிறீர்கள், மத்தியானம் செய்தாலும் குளிக்கிறீர்கள். முப்பத்தாறு வருஷம் பம்பு ஹவுஸில் தண்ணீர் ஏற்றியவன் நான். ஒரு மனிதர் பத்தொன்பது நாள் தொடர்ந்து குளித்தால் எந்த மேல்தொட்டியும் தாங்காது என்பது எனக்குத் தெரியும். நேற்றுதான் அவள் உண்மையைச் சொன்னாள். வருகிற புதன்கிழமை வண்டி வருமாம், உங்கள் நூற்று நாற்பத்து மூன்று இசைத்தட்டுகளையும் ஏற்றிக்கொண்டு போய் எங்கேயோ ஒரு கிடங்கில் வைக்கப் போகிறீர்களாம். வைத்துக்கொள்ளுங்கள். தட்டு உங்களுடையது, கிடங்கும் உங்கள் இஷ்டம். ஆனால் மாமனாரும் மாப்பிள்ளையும் முகம் பார்க்காமல் போய்விட்டால் நடுவில் நிற்கப் போவது என் பெண். அதனால் நடந்தது இன்னதென்று முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் மறதி என்பதும் தெரியாது. நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று உங்கள் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுத்திலேயே வந்துவிட்டது, மன்னிக்கவும். "இத எதுக்கு எழுதணும்?" என்கிறாள் அத்தை. எழுது என்றேன்.

போன வருஷம் அந்தத் தட்டுகளை இங்கே கொண்டுவந்து இறக்கினீர்களே, அன்றைக்கே ஆரம்பித்தது என் சனியன். உங்கள் வீட்டில் இடமில்லை, "ஒண்ணு இது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று மகள் சொல்லிவிட்டாள், நீங்கள் சற்று நேரம் யோசித்துவிட்டுத்தான் அவளைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அவளே சொன்னாள். சரி, நம் மாப்பிள்ளை ஆயிற்றே என்று முன்னறையைக் கொடுத்தேன். என் கட்டில் பின்னறைக்குப் போயிற்று, அங்கே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பல் துலக்குவது தெரியும், மூடினால் மூச்சு முட்டும். நீங்களோ ஒரு மணிநேரம் நின்று விதி சொன்னீர்கள். நிமிர்த்தி வைக்கணும், படுக்க வைக்கக் கூடாது. வெயில் படக் கூடாது. ஈரம் ஆகாது. தட்டின் முகத்தில் விரல் படவே கூடாது, ஓரத்தைத்தான் பிடிக்கணும். நான் என் பேரப்பிள்ளைகளைக்கூட இவ்வளவு ஜாக்கிரதையாகத் தூக்கியதில்லை. "இது சாதாரண பாட்டு இல்ல மாமா. ஒரு பக்கம் ப்ரோக்ரெஸிவ் ராக், இன்னொரு பக்கம் ஜாஸ், எல்லாம் என் உயிர்" என்றீர்கள். உயிரைக் கொண்டுவந்து என் வீட்டில் வைத்துவிட்டு, பாலம் சோதிக்கிற உங்கள் வேலைக்கு ஐந்து மாதம் வெளிநாடு போய்விட்டீர்கள்.

நீங்கள் போன நாற்பத்தொன்றாம் நாள் மாடியில் குடியிருக்கும் தையல்காரர் குழாயைத் திறந்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். அது தண்ணீர் வராத நேரம், அதனால் திறந்தது தெரியவில்லை. அவர் பந்தியில் உட்கார்ந்த நேரத்தில் இங்கே தண்ணீர் வந்தது. ஊர் முழுக்கத் தண்ணீர் ஏற்றியவன் வீட்டில் கூரையிலிருந்து தண்ணீர் இறங்குகிறது, மாப்பிள்ளை, அதுவும் நேராக உங்கள் அலமாரி மேல், வேறெங்கும் ஒரு சொட்டு இல்லை. நானும் அத்தையும் ஓடினோம். அட்டையெல்லாம் நனைந்து உப்பிவிட்டது, உள்ளே இருந்த மெல்லிய காகித உறை கையோடு வந்தது. தட்டுகளை ஓரத்தைப் பிடித்தே (கவனிக்கவும், ஓரத்தைப் பிடித்தே) உருவி, என் கட்டிலில் பழைய பேப்பர் போட்டு அடுக்கினோம். அட்டைகளைக் கொடியில் கிளிப் மாட்டிக் காயப் போட்டாள் அத்தை. நிழலில்தான். மூன்று நாள் கொல்லை முழுக்க உங்கள் உயிர் தொங்கியது. கடலில் நாற்காலி, தலையில் மரம் முளைத்த ஆள், கறுப்புக் கோட்டுப் போட்ட மூன்று பேர். பக்கத்து வீட்டுக்காரர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்து, "என்ன, வீட்ல கண்காட்சியா?" என்றார். அட்டை காய்ந்தது. தட்டும் பத்திரம். எது எதற்குள் இருந்தது என்பது மட்டும் போயிற்று.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மகள்தான், "அவர் தொங்குபாலத்துல நின்னுட்டிருக்கார்ப்பா, இப்ப சொல்லாதீங்க" என்றாள். நியாயமான பயம். மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லலாமே என்றாள் அத்தை, அவளுக்குத் தமிழ்தான் தெரியும், அதிலிருப்பது இங்கிலீஷ். நான் வேண்டாம் என்றேன். இதுதான் நான் செய்த தப்பு, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஏன் வேண்டாம் என்றேன் என்றும் கேளுங்கள். பம்பு ஹவுஸில் எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு மோட்டாரைப் பார்ப்பார்கள். நான் மோட்டாரின் மேல் ஒரு ஸ்பேனரை முட்டுக்கொடுத்து மறுமுனையில் காதை வைத்தால் எந்த பேரிங் போகப் போகிறதென்று சொல்லிவிடுவேன். ஒருநாளும் தப்பியதில்லை. அப்படிப்பட்டவனுக்கு ஒரு பாட்டு எந்தப் படத்துக்கு உரியதென்று தெரியாதா? முதலில் தட்டின் நடுவில் இருக்கும் எழுத்தையும் அட்டையில் இருக்கும் எழுத்தையும் வடிவம் பார்த்து ஒப்பிட்டேன். படிக்கத் தெரியாவிட்டால் என்ன, வளைவும் கோடும் கண்ணுக்குத் தெரியுமே. அதில் முப்பத்தொரு ஜோடி சேர்ந்தது. மீதி நூற்றுப் பன்னிரண்டு அட்டையில் எழுத்து என்பதே இல்லை, அல்லது கொடி மாதிரி முறுக்கி எழுதியிருக்கிறான். காசு கொடுத்து வாங்குகிறவனுக்குப் பேரைக்கூடச் சொல்லாத சங்கீதக்காரர்களை நான் இப்போதுதான் பார்க்கிறேன். ஆகவே தட்டுகளோடு நீங்கள் இறக்கிய மெஷினில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். கேட்டு, எந்தப் படத்துக்குப் பொருந்துகிறதோ அந்த அட்டையில் போட்டேன்.

கேட்டேன் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியுமா? ஒரு பாட்டு இருபத்திரண்டு நிமிஷம். எங்கள் கல்யாணமே அதைவிடச் சீக்கிரம் முடிந்தது. முதல் ஆறு நிமிஷம் காற்று அடிக்கிறது, ஊசியில் தூசியோ என்று நான்கு முறை துடைத்தேன். பிறகு ஒருவன் வந்து இரண்டு வரி பாடிவிட்டுப் போகிறான், போனவன் போனவன்தான், திரும்பி வரவே இல்லை. ஜாஸ்காரர்கள் வேறு மாதிரி. சாக்ஸபோன் ஊதுகிறவன் ஏதோ முக்கியமான சேதி சொல்ல வருவது போல் ஆரம்பிக்கிறான், பாதியில் மறந்துவிடுகிறான், மறந்ததை மறைக்க அரைமணி நேரம் சுற்றி வளைக்கிறான், மற்ற மூன்று பேரும் அவனை ஒன்றும் கேட்காமல் அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். ஒரு தட்டில் தாளம் ஏழு. ஆறுவரை தொடையில் தட்டிவிட்டு ஏழாவதுக்குக் கையைத் தூக்கினால் அவன் அடுத்ததற்குப் போய்விடுகிறான். இரண்டு நாள் என் தொடை சிவந்ததுதான் மிச்சம். "யாராவது பாத்தா என்ன நெனப்பாங்க, உக்காந்த எடத்துல ஒங்களயே அடிச்சுக்கிறீங்க" என்றாள் அத்தை. மூன்றாம் நாள் பிடிபட்டது. பெருவெள்ளம் வந்த வருஷம் எங்கள் மூன்றாம் நம்பர் பம்பு புஷ் தேய்ந்து இப்படித்தான் நொண்டியது, நான்காம் நம்பர் நேராக ஓடியது, இரண்டையும் சேர்த்து நாற்பது நாள் கேட்டவன் நான். அந்தப் பழக்கத்தில் உட்கார்ந்தால் ஏழு தானாக வருகிறது. நாலு, பிறகு மூணு. இதற்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்!

இப்படி எழுபத்தாறு நாள். மாடித் தையல்காரர் கீழே வந்து, "ஐயா, ஒங்க பாட்டக் கேட்டுக் கேட்டு என் தையல் கோணலாப் போவுது" என்றார். தண்ணீர் விட்டவர் நீங்கள்தானே என்றேன், மேலே போய்விட்டார். எழுபத்தேழாம் நாள் கடைசித் தட்டைக் கடைசி அட்டையில் போட்டு, அலமாரியில் நிமிர்த்தி வைத்து, அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று மனசாரத்தான் நம்பினேன், மாப்பிள்ளை. சரியாகிவிட்டதை எதற்குச் சொல்வது என்று சொல்லாமல் இருந்தேன். இதில் கள்ளம் எங்கே இருக்கிறது?

பிறகு நீங்கள் ஊர் திரும்பும் நாள். உங்கள் இசைச் சங்கத்தில் மாதம் ஒருவர் தனக்குப் பிடித்த பத்துத் தட்டைப் போட்டுக் காட்டுவார்களாம், இந்த மாதம் உங்கள் முறையாம், விமானத்திலிருந்து நேராக வருகிறேன், பத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள் மாமா என்று போனில் ஒவ்வொரு அட்டைப் படமாகச் சொன்னீர்கள். நீங்கள் ஒருமுறை சொன்னதை நான் வரிசை மாறாமல் மனசில் வைத்து, பையில் அடுக்கி, இரண்டு பஸ் மாறி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உங்கள் சங்கம் கூடும் டயர்க்கடை மாடிக்கு ஏறி வந்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் இருபத்தாறு பேர், எல்லோருக்கும் கல்யாணத்தில் மொய் எழுதத் தவறியவர்கள் முகம். சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர், முன்வரிசையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு. நான் கடைசி வரிசையில், கையில் காலிப் பையோடு.

நீங்கள் கடலில் நாற்காலி அட்டையைத் தூக்கிப் பிடித்துப் பேசினீர்கள். பன்னிரண்டு நிமிஷம். "என் வாழ்க்கையில இதுக்குத்தான் முதல் இடம். இது தனிமையோட சங்கீதம். முதல்ல வெறும் காத்து, அப்புறம் மெதுவா ஒரு குரல். எல்லாரும் கண்ண மூடிக்குங்க" என்றீர்கள். எல்லோரும் மூடினார்கள். நீங்கள் தட்டைப் பார்க்காமல், கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஊசியை வைத்தீர்கள். டமார் என்று டிரம், பின்னாலேயே ஆளுயர வயலினை ஒருவன் விரலால் மீட்டுகிறான், மேலே சாக்ஸபோன். ஜாஸ். நீங்கள் ஊசியைத் தூக்கக் கை நீட்டினீர்கள், பல் டாக்டர் கண்ணைத் திறக்காமலே, "ஷ்ஷ், விடுங்க" என்றார். உங்கள் கை அந்தரத்திலேயே நின்றது. பதினெட்டு நிமிஷம் ஒருவர் அசையவில்லை. முடிந்ததும் டீச்சரம்மா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த நாற்காலி எனக்குத் தெரிஞ்சுது சார்" என்றார். செயலாளர் பேரும் வருஷமும் கேட்டு எழுதிக்கொண்டார், அட்டைப்படி சொன்னீர்கள், பாவம், வேறென்ன சொல்வீர்கள். பிறகு மீதி ஒன்பதையும் உருவிப் பார்த்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க உங்கள் முகம் சுண்ணாம்பாக மாறியது. அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தீர்கள். நான், நன்றி சொல்கிறீர்களாக்கும் என்று நினைத்து, கையைத் தூக்கிச் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் கையை நானே ஒடிக்கலாம் போலிருக்கிறது. தலைவலி என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்கள். நான் பத்துத் தட்டையும் பொறுக்கிப் பையில் போட்டு, திரும்ப இரண்டு பஸ் மாறி வந்தேன்.

மகள் மூலமாக ஒரு கேள்வி அனுப்பினீர்களே, எந்தப் புத்தியில் அந்த ஜாஸை அந்த அட்டையில் போட்டார் மாமா என்று. சொல்கிறேன். அதில் மூன்று பேர் அலை மாதிரி தூக்கிப் போடுகிறார்கள், அந்த ஆளுயர வயலின்காரன் மட்டும் நகராமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். கடலில் நாற்காலி. இதற்குமேல் என்ன வேண்டும்? உங்கள் காற்றடிக்கிற தட்டு எங்கே என்று கேட்டால், அது கறுப்புக் கோட்டு மூன்று பேர் அட்டையில் இருக்கிறது, ஏனென்றால் பதினோராவது நிமிஷத்துக்குமேல் அதில் மூன்று பேர் பாகப்பிரிவினைச் சண்டை போடுகிறார்கள். அதுவரை போய்க் கேட்டால் தெரியும்.

போகட்டும். எனக்கு இந்தச் சங்கீதம் பிடிக்குமா என்றால் பிடிக்காது, இதைத் தெளிவாக எழுது என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்க்கிறாள். எழுதுடி என்றேன், எழுதுகிறாள். நாளைக் காலை மருந்துக்கடைக்காரர் வந்து ஒவ்வொரு தட்டாகப் படித்து, போனில் அதற்குரிய படத்தைத் தேடிச் சொல்வார். எது எதுவோ அது அதில் போய்விடும். புதன்கிழமை உங்கள் வண்டி வரட்டும், ஏற்றிவிடுகிறேன். என் கட்டில் முன்னறைக்கு வரும். இனி அந்த மெஷினை நான் தொட்டால் ஏனென்று கேளுங்கள். செய்தது தப்புத்தான், வயசானவன், மனசில் வைக்காதீர்கள். தட்டை எடுத்துக்கொண்டு பேச்சைத் திருப்பிக் கொடுங்கள், அது போதும்.

எங்கள் மகளைக் கேட்டதாகச் சொல்லவும். உங்கள் பாலங்கள் எல்லாம் நின்ற இடத்தில் நிற்கட்டும், நீங்களும் நூறு வயசு நன்றாக இருங்கள் என்று இருவரும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
(கைநாட்டு மேலே வைத்திருக்கிறேன், மை கொஞ்சம் அதிகம்)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் வாசலில் பல் டாக்டர் வந்து நிற்கிறார். உட்கார வைத்து டீ கொடுத்தோம். "ஐயா, அன்னிக்குத் தட்டு மாறியிருந்தது எனக்கு நாலாவது நொடியிலயே தெரியும்" என்றார்.

"தெரிஞ்சும் வாயத் தெறக்கலியே டாக்டர், ஊர்ல அத்தன பேர் வாயையும் தெறக்க வெக்கிறவரு!" என்றேன்.

சிரித்தார். "பதினோரு வருஷமா மாசத்துக்கு ஒருத்தர் பிடிச்ச பத்தோட வர்றாங்க. எல்லாம் அதே பத்து. பேச்சும் அதே பேச்சு. அன்னிக்குத்தான் அடுத்தது என்ன வரும்னு தெரியாம உக்காந்திருந்தேன். ஒங்க மாப்பிள்ள போன் பண்ணி மன்னிப்புக் கேட்டார். 'மாமா அத்தனையும் கடைசிவரைக்கும் கேட்டுட்டுப் போட்டிருக்கார்னு என் மனைவி சொன்னா டாக்டர். என்னோட தட்டு, நான் பாதியக்கூட முழுசாக் கேட்டதில்ல. அவர் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு தெரியல'ன்னார்."

மாப்பிள்ளை, கோபம் என்று நினைத்துக்கொண்டு நான் ஐந்து பக்கம் சொல்லி அத்தையின் விரலை ஒடித்துவிட்டேன். வெட்கம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு கார்டில் முடிந்திருக்கும்.

டாக்டர் வந்த காரியம், அடுத்த மாதம் பிடித்த பத்து நான் போட வேண்டுமாம். முடியாது, எனக்கு இது பிடிக்காது என்று எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன் என்றேன். அவர் போகும்போது சரி என்று சொல்லியிருந்தேன், எப்படி என்று தெரியவில்லை. ஆகவே மருந்துக்கடைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று, தட்டுகள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், வண்டி அனுப்ப வேண்டாம். புதன்கிழமை நீங்கள் வாருங்கள். செயலாளருக்குப் பேரும் வருஷமும் வேண்டுமாம், எது என்று எனக்குத் தெரியும், பேர் என்ன என்று உங்களுக்குத்தான் தெரியும். ஒன்பது முடிவாகிவிட்டது. பத்தாவதுக்கு இரண்டு தட்டு போட்டி. இரண்டையும் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், நடுவில் எழுந்திருக்கக் கூடாது, பேச்சும் கூடாது. இரண்டும் வேண்டாம், வேறொன்று இருக்கிறது என்று அத்தை பிடிவாதம் பிடிக்கிறாள். அவள் பேச்சைக் கேட்காதீர்கள். அவளுக்கு டிரம் இருந்தால் போதும்.